எம்எஸ்டிபி: கேம்பஸ் நெட்வொர்க்கில் முதல்முறை போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கேரள-தமிழ்நாடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். 4 கட்டடம், 2 ஹாஸ்டல், 11 சுவிட்ச். ஓணம் விடுமுறையில் மொத்த கேம்பஸையும் எம்எஸ்டிபிக்கு, அதாவது மல்டிபிள் ஸ்பானிங் ட்ரீ முறைக்கு மாற்றி முடித்தோம். அதற்கு முன் ஜூலையில் ஒருமுறை முயன்று பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அட்மிஷன் நேரம். ஒரு முற்பகல் முழுக்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு நெட் இல்லை. பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர் ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கிறார்கள். சுவிட்சில் எல்லா விளக்கும் பச்சை. கேபிளில் குறையில்லை. எங்கே தவறு என்று எனக்குப் புரிய மூன்று மணி நேரம் ஆனது. அது உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்), ட்ரங்க் போர்ட் (பல விலானை ஒரே கேபிளில் கடத்தும் போர்ட்) இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. இது எதற்கு என்று முதலில் தெளிவாகுங்கள்

ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு வழி போடுகிறோம். இரண்டு வழி வந்தாலே அது வட்டமாகிவிடும்; லூப் என்பது அதைத்தான். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு, அதாவது கேபிளில் போகும் தகவல் பொட்டலத்துக்கு, ஆயுள் கணக்கு கிடையாது. எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் அந்த வட்டத்தில் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் நெட்வொர்க் முழுக்க முடங்கும். எங்கள் ஹாஸ்டலில் ஒரு முறை இது நடந்தபோது இரவுக் காவல் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "தம்பி, பெட்டியில எல்லா லைட்டும் ஒரே நேரத்துல அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்று போன் செய்தார். லூப்புக்கு அதைவிடச் சரியான அடையாளம் இல்லை.

ஸ்பானிங் ட்ரீ (சுருக்கமாக எஸ்டிபி) இந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி வைக்கிறது. ஒரு சுவிட்சை ரூட்டாகத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து கிளை பிரியும் மரமாக வழிகளை அமைத்து, மிச்ச வழிகளை அடைத்துவிடும். கேபிள் அறுந்தால் அடைத்ததைத் திறக்கும்.

இங்கிருந்து கோயம்புத்தூர் போக வேலந்தாவளம் வழியாக ஒரு சாலை, கோபாலபுரம், பொள்ளாச்சி வழியாக இன்னொரு சாலை. ஒரே மரம் மட்டும் உள்ள முறையில் எல்லா வண்டியும் வேலந்தாவளம் வழியாகத்தான் போக வேண்டும்; இன்னொரு சாலை சும்மா கிடக்கும். விலானுக்கு ஒரு மரம் என்று போடும் முறையும் உண்டு. அதில் 40 விலான் இருந்தால் 40 மரம். சின்ன சுவிட்சின் சிபியு அந்தக் கணக்கிலேயே திணறும். எம்எஸ்டிபி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பஸ்ஸெல்லாம் இந்த வழி, லாரியெல்லாம் அந்த வழி, ஒன்று அடைபட்டால் எல்லாம் மற்ற வழி. விலான்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, கட்டுக்கு ஒரு மரம். அந்தக் கட்டுக்குப் பெயர் இன்ஸ்டன்ஸ். பெரும்பாலான கேம்பஸுக்கு இரண்டு போதும்.

2. பேப்பர் வேலை: இரண்டு நாள் ஒதுக்குங்கள்

சுவிட்சைத் தொடும் முன் நான்கு தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஜூலையில் எனக்கு இருந்தது ஒன்றரைத் தாள்தான்.

முதல் தாள், விலான் பட்டியல். எண், பெயர், யார் பயன்படுத்துகிறார்கள், எந்தெந்தக் கட்டடம். இரண்டாவது, இணைப்புப் படம். எந்த சுவிட்சின் எந்தப் போர்ட்டிலிருந்து எந்த சுவிட்சின் எந்தப் போர்ட்டுக்கு, காப்பரா ஃபைபரா, என்ன வேகம். இதைப் பழைய படத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ரேக் ரேக்காக நடந்து, கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்து எழுதுங்கள். நான் நடந்தபோது கேன்டீன் பக்கம் யாரோ எப்போதோ போட்ட ஒரு கேபிள் கிடைத்தது. எந்தப் படத்திலும் அது இல்லை. மூன்றாவது, ஒவ்வொரு ட்ரங்க்கிலும் எந்தெந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். இந்த மூன்றாவது தாள் எவ்வளவு முக்கியம் என்பது 5ஆம் படியில் தெரியும். நான்காவது, எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நெட் இருக்காது என்று நிர்வாகம் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். வாய்வழி அனுமதியை நம்பி இறங்காதீர்கள்.

இவை தவிர எல்லா சுவிட்சின் தற்போதைய கான்ஃபிகரேஷனையும் பேக்கப் எடுத்து, லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. சுவிட்ச் தாங்குமா, செலவு என்ன

டேட்டா ஷீட்டில் 802.1எஸ் என்று இருக்கிறதா பாருங்கள்; எம்எஸ்டிபியின் தர எண் அது. பிறகு இது 802.1க்யூ தரத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் சில கம்பெனிகள் எம்எஸ்டிபி என்று மட்டும் போட்டிருப்பார்கள். விலை குறைந்த சில ஸ்மார்ட் சுவிட்சுகளில் ஆர்எஸ்டிபி, அதாவது ஒரே மரம் போடும் ரேபிட் ஸ்பானிங் ட்ரீ வரைதான் இருக்கும். அதை ஓரத்தில் வைத்து ஓட்டலாம், நடுவில் வைக்காதீர்கள்.

இது பொதுத் தரம் என்பதால் மேனேஜ்டு சுவிட்சுகளில் பெரும்பாலும் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. எனக்கு ஆன செலவு லேப்டாப்பை சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் ஒரு யுஎஸ்பி கன்சோல் கேபிள், சில பேட்ச் கார்டுகள், லேபிள் டேப். கோயம்புத்தூரில் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. கன்சோல் கேபிள் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் சுவிட்ச் கைக்கு எட்டாமல் போனால் அதுதான் ஒரே வழி.

பயிற்சிக்கு பாக்கெட் ட்ரேசர் என்ற சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டரை நம்பிப் பலர் உட்கார்கிறார்கள். அதில் எம்எஸ்டிபி கிடையாது. விலானுக்கு ஒரு மரம் போடும் முறைகள்தான் உண்டு. ஜிஎன்எஸ்3 என்ற இன்னொரு சிமுலேட்டர் இலவசம், ஆனால் அதில் ஓட்ட சுவிட்சின் மென்பொருள் படிமம் முறைப்படி தனியாக வேண்டும். அது இல்லையென்றால் ஸ்டோரில் கிடக்கும் மூன்று பழைய சுவிட்சை மேஜையில் வைத்து முக்கோணமாகக் கட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு சனி, ஞாயிறு போதும்.

4. மூன்று பொருத்தம்: பெயர், எண், பட்டியல்

எம்எஸ்டிபியில் சுவிட்சுகள் ஒரே குடும்பமாகச் சேர்ந்தால்தான் பல மரம் வேலை செய்யும். அந்தக் குடும்பத்துக்கு ரீஜன் என்று பெயர். சேர மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: ரீஜனின் பெயர், ரிவிஷன் எண் (நீங்களே வைக்கும் பதிப்பு எண்), எந்த விலான் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற பட்டியல். மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்த சுவிட்ச் வேற்றாளாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. நெட்டும் ஓரளவு ஓடும். அதுதான் ஆபத்து.

பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. பெண்கள் ஹாஸ்டல் ரேக்கில் நான் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக அடித்துவிட்டேன். மற்ற பத்திலும் சின்னது. அந்த ஒரு சுவிட்சை நோக்கிய போர்ட்டில் மட்டும் 'பவுண்டரி', அதாவது ரீஜனின் எல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்த பிறகுதான் பிடிபட்டது. அதனால் பெயரைக் கையால் அடிக்காதீர்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, எல்லா சுவிட்சிலும் அதையே ஒட்டுங்கள்.

பட்டியல் பொருந்துகிறதா என்று வரிவரியாகப் பார்க்கத் தேவையில்லை. மொத்தப் பட்டியலையும் 16 பைட் டைஜெஸ்டாகச் சுருக்கித்தான் சுவிட்சுகள் ஒப்பிட்டுக்கொள்கின்றன. அதைத் திரையில் காட்டச் சொல்லி, எல்லா சுவிட்சிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஏசி36177எஃப்50 என்று தொடங்கினால் அந்த சுவிட்சில் நீங்கள் பட்டியலே போடவில்லை, அல்லது போட்டது ஏறவில்லை. எதிலும் சேர்க்காத விலான் கிடக்கும் இடம் இன்ஸ்டன்ஸ் 0; எல்லா விலானும் அதில் இருக்கும்போது வரும் டைஜெஸ்ட் அது. எந்தக் கம்பெனி சுவிட்சிலும் அதேதான். பெயரும் ரிவிஷன் எண்ணும் டைஜெஸ்டில் அடங்காது. அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று. பட்டியலில் ஒரே ஒரு விலானைச் சேர்த்தாலும் டைஜெஸ்ட் மாறும். ஒரு சுவிட்சில் மாற்றி, அடுத்த சுவிட்சுக்குப் போவதற்குள் ரீஜன் இரண்டாக உடைந்திருக்கும். பகல் 11 மணிக்குப் புது லேப்புக்கு ஒரு விலான் சேர்க்கிறேன் என்று போனால் கேம்பஸ் முழுக்க ஆட்டம் காணும். அதனால் இன்று இல்லாத விலானுக்கும் இன்றே இடம் ஒதுக்குங்கள். நாங்கள் 10 முதல் 49 வரையும் 100 முதல் 499 வரையும் இன்ஸ்டன்ஸ் 1க்கு, 50 முதல் 99 வரையும் 500 முதல் 999 வரையும் இன்ஸ்டன்ஸ் 2க்கு என்று முன்கூட்டியே போட்டுவிட்டோம். இனி புது விலான் வந்தால் அந்தந்த வரம்புக்குள் எண் கொடுத்தால் போதும்; பட்டியலைத் தொட வேண்டியதே இல்லை. இந்த ஒரு யோசனையை ஜூலையில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

5. ட்ரங்க்கில் விலானைக் குறைக்காதீர்கள்

ஜூலையில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நின்றது இதனால்தான். பொறுமையாகப் படியுங்கள்.

எங்களிடம் இரண்டு மைய சுவிட்ச். மெயின் பிளாக் சர்வர் அறையில் ஒன்று, லைப்ரரியில் ஒன்று. ஒவ்வொரு கட்டடத்து சுவிட்சிலிருந்தும் இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள். அக்கவுண்ட்ஸ் விலான் 20, இன்ஸ்டன்ஸ் 1இல் இருக்கிறது. இன்ஸ்டன்ஸ் 1க்கு ரூட் சர்வர் அறை சுவிட்ச். ஆகவே ஆபீஸ் கட்டடத்திலிருந்து சர்வர் அறைக்குப் போகும் கேபிள் திறந்திருக்கும், லைப்ரரிக்குப் போகும் கேபிள் இந்த மரத்தில் அடைபட்டிருக்கும். சரிதானே?

ஆனால் எனக்கு முன் இருந்தவர்கள் பாதுகாப்புக்கு என்று ட்ரங்க்குகளில் விலானைக் குறைத்து வைத்திருந்தார்கள். சர்வர் அறை கேபிளில் விலான் 20 அனுமதிக்கப்படவில்லை. லைப்ரரி கேபிளில் மட்டும்தான் இருந்தது. பழைய முறையில் விலானுக்கு ஒரு மரம் இருந்ததால் 20இன் மரம் லைப்ரரி வழியாகத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. எம்எஸ்டிபி ஒரு ட்ரங்க்கில் எந்த விலான் அனுமதி என்று பார்ப்பதில்லை. கேபிளைப் பார்க்கிறது, மரம் போடுகிறது, அவ்வளவுதான். இன்ஸ்டன்ஸ் 1இன் மரத்தில் லைப்ரரி கேபிளை அடைத்துவிட்டது. திறந்த கேபிளில் 20க்கு அனுமதி இல்லை; அனுமதி இருந்த கேபிள் அடைபட்டிருக்கிறது. விலான் 20 அந்தரத்தில் நின்றது. அதே கட்டடத்தில் விலான் 10 ஜோராக ஓடியது. அதனால்தான் என் சந்தேகம் மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர்கள் மேலேயே இருந்தது.

ஒரு இன்ஸ்டன்ஸில் இருக்கும் விலான்கள் அத்தனையும், அந்த மரம் போகக்கூடிய எல்லா ட்ரங்க்கிலும் இருக்க வேண்டும். இரண்டு வழியில் ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை என்ற நிலையே வரக்கூடாது. மூன்றாவது தாளை எடுத்து, இன்ஸ்டன்ஸ் வாரியாக வண்ணப் பேனாவில் அடித்துப் பாருங்கள். ஒரு கட்டடத்தின் இரண்டு கேபிளுக்கும் வண்ணம் ஒத்து வரவில்லையா, மாற்றும் நாளுக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். ஒரு விலான் ஒரு கட்டடத்துக்குப் போகவே கூடாது என்றால் இரண்டு கேபிளிலும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

இதே குணம் இன்னோர் இடத்திலும் கடிக்கும். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ட்ரங்க் போடாமல், விலான் 10க்கு ஒரு கேபிள், 20க்கு ஒரு கேபிள் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், இரண்டு விலானும் ஒரே இன்ஸ்டன்ஸில் இருக்கும்போது ஒரு கேபிள் அடைபடும். ட்ரங்க்காக மாற்றிவிடுங்கள்.

6. ரூட்டை நீங்களே சொல்லுங்கள்

சொல்லாவிட்டால் எல்லா சுவிட்சுக்கும் பிரியாரிட்டி, அதாவது ரூட்டாவதற்கான முன்னுரிமை எண், 32768தான். சமமாக இருந்தால் மேக் முகவரி (கம்பெனியே சுவிட்சுக்குக் கொடுத்து அனுப்பும் எண்) சின்னதாக இருக்கும் சுவிட்ச் ரூட்டாகும். ஒரே கம்பெனி சரக்கில் அது பெரும்பாலும் பழைய சுவிட்சாகவே இருக்கும். எங்கள் கேம்பஸில் பல வருடமாக ரூட்டாக இருந்தது விளையாட்டு அறை அலமாரிக்கு மேல் தூசியில் கிடந்த, 100 எம்பி வேகத்துப் பழைய சுவிட்ச். மொத்தக் கல்லூரியின் வழியும் அதை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருந்தது.

பிரியாரிட்டி 4096இன் மடங்குகளில்தான் கொடுக்க முடியும். எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை. சர்வர் அறை சுவிட்சுக்கு இன்ஸ்டன்ஸ் 0, 1 இரண்டிலும் 4096, இன்ஸ்டன்ஸ் 2இல் 8192. லைப்ரரி சுவிட்சுக்கு அப்படியே தலைகீழ். ஒன்று விழுந்தால் மற்றது ரூட்டாகும். திரையில் 4097, 4098 என்று வந்தால் பயப்படாதீர்கள். இன்ஸ்டன்ஸ் எண்ணைக் கூட்டிக் காட்டுகிறது.

இன்ஸ்டன்ஸ் 0ஐ மறந்துவிடாதீர்கள். நீங்கள் எதிலும் சேர்க்காத விலான் அதில்தான் இருக்கும். வெளி சுவிட்சுகளோடு, பழைய எஸ்டிபி, ஆர்எஸ்டிபி சுவிட்சுகளோடு பேசுவதும் அதுதான். எல்லையில் இருக்கும் போர்ட்டில் இன்ஸ்டன்ஸ் 0 அடைத்தால் எல்லா மரத்துக்கும் அடைப்பு. அதனால் இன்ஸ்டன்ஸ் 0இன் ரூட் உங்கள் ரீஜனுக்குள்ளேயே இருக்கட்டும்.

வேறு வேறு கம்பெனி சுவிட்ச் கலந்திருந்தால் பாதைக் கணக்கையும், அதாவது கேபிளின் வேகத்தைப் பொறுத்து ஒவ்வொரு வழிக்கும் சுவிட்ச் போடும் விலையையும் ஒருமுறை பாருங்கள். எம்எஸ்டிபியில் 100 எம்பிக்கு 200000, 1 ஜிபிக்கு 20000, 10 ஜிபிக்கு 2000. பழைய கணக்கில் அவை 19, 4, 2. ஒரு சுவிட்ச் மட்டும் பழைய கணக்கில் நின்றால் அதன் வழியெல்லாம் மிக மலிவாகத் தெரிந்து, மரம் அந்தப் பக்கமே சாயும்.

7. மாற்றும் இரவு

எங்களுக்கு ஓணம் விடுமுறை வசதியாக இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பொங்கல். ஐப்பசியில் மட்டும் வேண்டாம். இந்தப் பக்கம் மாலையானால் இடியும் மின்வெட்டும் சேர்ந்தே வரும். பதினோரு சுவிட்சுக்கு நாங்கள் கேட்ட நேரம் 4 மணி, ஆனது 2 மணி 40 நிமிடம்.

பெயர், ரிவிஷன், பட்டியல், பிரியாரிட்டி எல்லாவற்றையும் முன்தினமே எல்லா சுவிட்சிலும் ஏற்றிவைத்தோம். வேறு முறையில் ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சில், மோடை மாற்றும்வரை அவை சும்மா இருக்கும். இரவில் செய்ய வேண்டியது மோடை மாற்றுவது மட்டும்தான்.

மையத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் சர்வர் அறை, அடுத்து லைப்ரரி, அப்புறம் கட்டடங்கள். காரணம் இருக்கிறது. விலானுக்கு ஒரு மரம் போடும் சிஸ்கோ சுவிட்சுகள் ஓரத்தில் இன்னும் மாறாமல் இருக்கும்போது, எல்லா விலானுக்கும் ரூட் எம்எஸ்டிபி பக்கம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். சில விலானுக்கு ரூட் இந்தப் பக்கம், சிலவற்றுக்கு அந்தப் பக்கம் என்றிருந்தால் எல்லைப் போர்ட்டையே அடைத்துவிடும். பாதி மாற்றிவிட்டு மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒரே இரவில் முடியுங்கள்.

மோடு மாற்றியதும் அந்த சுவிட்சோடு தொடர்பு கொஞ்ச நேரம் போகும். பதறி அடுத்த கட்டளையை அடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் காத்திருங்கள். வந்ததும் டைஜெஸ்ட், ரூட், பவுண்டரி மூன்றையும் பார்த்து, சேவ் செய்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் அன்று இரவு ஆபீஸ் பிளாக்கில் யுபிஎஸ் மாற்ற, ஒரு சுவிட்ச் அணைந்து எழுந்தது. நான் சேவ் செய்யாத ஒரே சுவிட்ச் அது. பழைய மோடிலேயே எழுந்தது.

8. கம்ப்யூட்டர் போர்ட்டுகள்

கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா மாட்டும் போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 15 நொடி, 15 நொடி என்று 30 நொடி காத்திருக்க நேரும். அதற்குள் ஐபி முகவரி வாங்குவது தோற்றுப்போகும். கூடவே பிபிடியு கார்டு என்ற காவலையும் போடுங்கள். பிபிடியு என்பது ஸ்பானிங் ட்ரீக்காக சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி. யாராவது அந்தப் போர்ட்டில் சுவிட்ச் மாட்டினால் போர்ட் மூடிக்கொள்ளும்.

ஹாஸ்டல் பிள்ளைகள் வாங்கி வரும் ஐந்து போர்ட் குட்டி சுவிட்சுக்கு இது முழுத் தீர்வு இல்லை. அவற்றில் சில பிபிடியுவை அப்படியே கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்கும் வகையில் லூப் விழுந்தால் கார்டுக்கே தெரியாது. ஹாஸ்டல் போர்ட்டுகளில், பிராட்காஸ்ட் அளவு மீறினால் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் சேர்த்துப் போடுங்கள்.

9. பிடுங்கிப் பாருங்கள்

எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு விலானிலிருந்தும் சர்வருக்குத் தொடர்ந்து பிங் (தொடர்பு இருக்கிறதா என்று கேட்கும் சின்னச் செய்தி) ஓடவிட்டு, சர்வர் அறை கேபிளைப் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு பிங் தவறும், பிறகு தொடர்பு திரும்பிவிடும். பழைய எஸ்டிபியில் இதற்கு 30 முதல் 50 நொடி ஆகும். கேபிளைத் திரும்ப மாட்டுங்கள், அடுத்து லைப்ரரி கேபிளைப் பிடுங்குங்கள். விலான் விலானாகச் செய்ய வேண்டும். ஒன்றில் ஓடியது என்று மற்றதை விடாதீர்கள். நாங்கள் அன்று இரவு விலான் 20ஐ மூன்று முறை பிடுங்கிப் பார்த்தோம்.

பிறகு எல்லா சுவிட்சின் புது கான்ஃபிகரேஷனையும் பேக்கப் எடுத்து, பட்டியல் தாளின் ஜெராக்ஸை ஒவ்வொரு ரேக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். ரீஜன் பெயர், ரிவிஷன் எண், டைஜெஸ்டின் கடைசி நான்கு எழுத்து மூன்றும் அதில் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். எரிந்துபோன சுவிட்சுக்குப் பதில் புதியதை மாட்ட வருபவர் முதலில் பார்க்கும் இடம் அந்தக் கதவுதான்.